எம்.ஏ.எஸ்.ஸை ஏற்றுவதற்கு முன்னால்

கேள்வி: சார், நான் ஒரு சிறிய ஊரில் ஸ்கேன் சென்டரில் சி.டி. டெக்னீசியனாக இருக்கிறேன். எங்களிடம் இருப்பது 16 ஸ்லைஸ் மெஷின். வாங்கும்போதே ரீஃபர்பிஷ்டு, அதாவது பழையதைச் சரிசெய்து விற்றது. ரிப்போர்ட் சென்னையிலிருந்து ஆன்லைனில் வருகிறது. சில மாதங்களாக, ‘பிரெயின் படங்களில் நாய்ஸ் (புள்ளி புள்ளியாகத் தெரிவது) அதிகம், குவாலிட்டி போதாது’ என்று டாக்டர் எழுதி அனுப்புகிறார். சில நாள் காலையில் எடுக்கும் முதல் கேஸ்களில் நடுவே வளையம் மாதிரி ஒன்று தெரிகிறது. ஏ.எம்.சி. (ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம்) முடிந்துவிட்டது, புதுப்பிக்க ஓனர் யோசிக்கிறார். கரண்ட் பில்லுக்காக ராத்திரி ஏ.சி.யையும் அணைத்துவிடச் சொல்கிறார். பிரெயின் புரோட்டோகாலில், அதாவது தலை ஸ்கேனுக்கான செட்டிங்கில், எம்.ஏ.எஸ். (எக்ஸ்ரேயின் அளவு) 250 என்று இருந்ததை நானே 350 ஆக்கி சேவ் செய்துவிட்டேன். இப்போது கொஞ்சம் பரவாயில்லை. இது சரிதானா? ஓனரிடம் எப்படிப் பேசுவது?

பதில்:

தம்பி, எம்.ஏ.எஸ்.ஸை ஏற்றியதே தப்பு என்று சொல்லமாட்டேன். நோய் தெரியாத படம் எடுத்தால் அந்த நோயாளிக்குக் கொடுத்த கதிர்வீச்சு அத்தனையும் வீண்தானே. ஆனால் காரணம் தெரியாமல் ஏற்றி, அதையே எல்லாருக்குமான புரோட்டோகாலாக சேவ் செய்து வைத்தது சரியில்லை. மைலேஜ் குறைந்த பைக்கை சர்வீசுக்கு விடாமல் பெட்ரோல் மட்டும் போட்டுக்கொண்டே ஓட்டுகிற கதைதான் இது.

கணக்கைப் பாருங்கள். நாய்ஸ் எம்.ஏ.எஸ்.ஸின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்தில்தான் குறையும். நாய்ஸைப் பாதியாக்க வேண்டுமானால் எம்.ஏ.எஸ்.ஸை நான்கு மடங்காக்க வேண்டும். நீங்கள் 250-ஐ 350 ஆக்கியதில் கதிர்வீச்சு 40 சதவீதம் கூடியிருக்கிறது, நாய்ஸ் குறைந்தது ஏறத்தாழ 15 சதவீதம்தான். கன்சோலில் சி.டி.டி.ஐ. வால்யூம் என்று கதிர்வீச்சின் அளவைக் காட்டும் ஓர் எண் வரும், அதைக் கவனித்தீர்களா? முன்பு 50 மில்லிகிரே காட்டியிருந்தால் இப்போது 70 காட்டும். பெரியவர்களின் தலை ஸ்கேனுக்கு அமெரிக்க ரேடியாலஜி கல்லூரி வைத்திருக்கும் ஒப்பீட்டு அளவு 75, பழைய ஐரோப்பிய வழிகாட்டியில் 60. மேற்கொண்டு ஏற்ற உங்களுக்கு இடம் இல்லை. போதாததற்கு எக்ஸ்ரே டியூபும் கூடுதலாகச் சூடாகிறது. ஏற்கெனவே வயதான டியூப் என்றால் அதன் ஆயுளையும் நீங்களே குறைக்கிறீர்கள்.

இதே 250-இல் இதே மெஷின் முன்பு நல்ல படம் கொடுத்திருக்கிறது என்பதுதான் இங்கே முக்கியமான துப்பு. அப்படியானால் குறை எம்.ஏ.எஸ்.ஸில் இல்லை, வேறு ஏதோ மாறியிருக்கிறது. அதைத் தேடுவோம்.

மெஷினைத் தொடுவதற்கு முன்னால் டாக்டருக்கு ஒரு போன் போடுங்கள். “எந்த சீரீஸை (படத் தொகுப்பை) பார்த்துச் சொல்கிறீர்கள் சார்?” என்று கேளுங்கள். ஆன்லைன் ரிப்போர்ட்டிங்கில் வரும் நாய்ஸ் புகார்களில் கணிசமானவை இந்த ஒரு கேள்வியிலேயே தீர்ந்துவிடும். 5 மில்லிமீட்டர் ஸ்லைஸில், அதாவது அந்தத் தடிமனுள்ள குறுக்குவெட்டுப் படத்தில், பார்க்க வேண்டிய மூளையை அவர் 1.25 மில்லிமீட்டர் சீரீஸில் பார்த்துக்கொண்டிருக்கலாம். ஸ்லைஸ் நான்கில் ஒன்றாக மெலிந்தால் அதற்குள் வரும் ஃபோட்டான்களும் நான்கில் ஒன்றுதான், நாய்ஸ் இரண்டு மடங்கு. அல்லது யாரோ ரீகன்ஸ்ட்ரக்‌ஷன் கர்னலை, அதாவது அளவீட்டைப் படமாக்கும் கணக்கு முறையை, மாற்றியிருக்கலாம். எலும்புக்கான கூர்மையான கர்னலில் மூளையைப் போட்டால் மணல் தூவியது போலத்தான் வரும். அனுப்பும் மென்பொருள் நெட் வேகத்துக்காகப் படத்தை அழுத்திச் சுருக்குகிறதா என்பதையும் பாருங்கள். அவசரத்துக்கு மானிட்டரைப் போனில் படமெடுத்து வாட்ஸப்பில் அனுப்பும் வழக்கம் உங்கள் சென்டரிலும் இருக்கும் என்று நினைக்கிறேன். அதை வைத்துக் குவாலிட்டி பேசவே கூடாது.

அதே போனில் இன்னொன்றும் கேளுங்கள்: எந்த நோயைத் தேடும்போது படம் போதவில்லை? நான் மெடிக்கல் பிசிக்ஸ் ஆள், ரேடியாலஜிஸ்டின் கண் எனக்குக் கிடையாது. படம் போதுமா போதாதா என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். அவர் சொல்லும் காரணம்தான் நமக்கு வழிகாட்டி. சிறுநீரகக் கல்லைத் தேடும் ஸ்கேனில் கல் பல நூறு எச்.யு. (ஹவுன்ஸ்ஃபீல்ட் யூனிட், திசுவின் அடர்த்தியைக் காட்டும் எண்) காட்டும், சுற்றியுள்ள திசு 30, 40-இல் இருக்கும். படம் எவ்வளவு புள்ளி புள்ளியாக இருந்தாலும் கல் ஒளிந்துகொள்ளாது, அதனால் அங்கே டோஸை, அதாவது கதிர்வீச்சு அளவை, நன்றாகவே குறைக்கலாம். பக்கவாதம் என்று வருபவரின் மூளை அப்படி இல்லை. மூளையின் இரு வகைத் திசுக்களில் கிரே மேட்டர் 35 முதல் 40 எச்.யு., வொயிட் மேட்டர் 25 முதல் 30. இடையில் சுமார் பத்துதான் வித்தியாசம். முதல் சில மணி நேரத்தில் அந்த வித்தியாசம் ஓரிடத்தில் மங்குவதுதான் டாக்டர் தேடும் அடையாளம். நாய்ஸே ஆறு, ஏழு எச்.யு. என்று ஆடினால் அவர் எதைப் பார்த்துச் சொல்வார்? சி.டி.யைக் கண்டுபிடித்த ஹவுன்ஸ்ஃபீல்டின் மெஷின் 1971-இல் லண்டன் அட்கின்சன் மார்லி மருத்துவமனையில் முதல் நோயாளியைப் படம் எடுத்தபோது அந்தப் படத்தில் இருந்தது 80-க்கு 80 கட்டங்கள்தான். இன்று அதைப் பார்த்தால் நாம் சிரிப்போம். ஆனால் மூளையில் கட்டி இருக்கிறதா என்ற கேள்விக்கு அது பதில் சொல்லிவிட்டது. படம் அழகாக இருக்கிறதா என்று பார்க்காதீர்கள், கேட்ட கேள்விக்குப் பதில் சொல்கிறதா என்று பாருங்கள்.

சரி, இப்போது வளையம். அது காலையில் முதல் கேஸ்களில் மட்டும் வருகிறது, ராத்திரி ஏ.சி. அணைக்கப்படுகிறது என்று இரண்டையும் தனித்தனியாக எழுதியிருக்கிறீர்கள். சேர்த்துப் படித்துப் பாருங்கள்.

உங்கள் மெஷினில் டியூபும், உடம்பைக் கடந்து வரும் கதிரை அளக்கும் டிடெக்டரும் சேர்ந்தே சுற்றுகின்றன. டிடெக்டர் வரிசையில் ஒரு சேனல் மட்டும் பக்கத்துச் சேனல்களிலிருந்து கொஞ்சம் விலகி அளந்தால், அந்தத் தவறு ஒரு முழுச் சுற்றில் வட்டமாக வரையப்பட்டுவிடும். டிடெக்டரின் அளவீடு வெப்பநிலையைப் பொறுத்து மாறும். அறை ராத்திரி முழுக்க வெந்து, காலையில் ஏ.சி. போட்டதும் வேகமாகக் குளிர்ந்தால், டிடெக்டர் நிலைக்கு வருவதற்குள் நீங்கள் முதல் நோயாளியைப் படுக்க வைத்துவிடுகிறீர்கள். ஈரப்பதம் உள்ள ஊர் என்றால் இன்னும் மோசம். அறையின் வெப்பநிலை, ஈரப்பதம் எவ்வளவுக்குள் இருக்க வேண்டும் என்பதும், ராத்திரி எதை அணைக்கலாம், எதை அணைக்கக் கூடாது என்பதும் மெஷினோடு வந்த கையேட்டில் இருக்கும். அந்தப் பக்கத்தை நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்கள், ஓனரிடம் பேசும்போது உதவும்.

வளையத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு, இதற்குச் செலவே இல்லை. கேன்ட்ரியின் (நோயாளியைச் சுற்றியிருக்கும் வட்டப் பகுதியின்) உள்பக்கம் சுற்றிலும் ஓடும் மெல்லிய மைலார் பட்டையில் கான்ட்ராஸ்ட் மருந்து துளி தெறித்துக் காய்ந்திருக்கலாம். அதில் அயோடின் இருக்கிறது, எக்ஸ்ரேயைத் தடுக்கும். டார்ச் அடித்துச் சுற்றிலும் பாருங்கள். இருந்தால் கையேடு சொல்லும் முறையில் ஈரத்துணியால் துடையுங்கள். டேபிள், ஹெட் ஹோல்டர், மெத்தை இவற்றில் காய்ந்திருந்தாலும் படத்தில் வெள்ளைப் புள்ளியாக, கோடாக வரும்.

துடைத்து, டியூப் வார்ம்-அப் முடித்து, ஏர் கேலிப்ரேஷனும் (உள்ளே ஒன்றும் வைக்காமல் டிடெக்டரைச் சரிசெய்வது) செய்த பிறகு வாட்டர் ஃபாண்டத்தை (தண்ணீர் நிரப்பிய சோதனை உருளையை) ஸ்கேன் செய்யுங்கள். வளையம் போய்விட்டால் சரி. அதே ஆரத்தில், அதே இடத்தில் மறுபடி மறுபடி வந்தால் அந்தச் சேனலில் கோளாறு, சர்வீஸ் இன்ஜினியர்தான் பார்க்க வேண்டும். அதுவரை வளையத்தோடு பிரெயின் எடுக்காதீர்கள். சுற்று மையத்துக்கு மிக அருகில் வரும் வளையம் சுருங்கி ஒரு புள்ளியாகத் தெரியும். அது மூளைத் தண்டின் மேல் விழுந்தால் இல்லாத நோயை இருப்பதாகக் காட்டிவிடும்.

வாட்டர் ஃபாண்டம் என்றதும் “எங்களிடம் அது எங்கே இருக்கிறது?” என்று யோசிக்கிறீர்கள் அல்லவா? ரீஃபர்பிஷ்டு மெஷின் வாங்கும் இடங்களில் அது ஸ்டோர் ரூமில் அட்டைப் பெட்டிக்குள் கிடக்கும். தேடி எடுங்கள். உள்ளே காற்றுக் குமிழி பெரிதாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இனி தினமும் காலை வார்ம்-அப்புக்கும் ஏர் கேலிப்ரேஷனுக்கும் பிறகு, முதல் நோயாளிக்கு முன்னால், அதை லேசர் கோட்டுக்குச் சரியாக வைத்து, ஒரே புரோட்டோகாலில், ஒரே எம்.ஏ.எஸ்.ஸில், ஒரே ஸ்லைஸ் தடிமனில் ஸ்கேன் செய்யுங்கள். படத்தின் நடுவில் ஒரு ஆர்.ஓ.ஐ. வட்டம் (எண்ணை அளக்கும் பகுதி), ஓரங்களில் கடிகாரத்தின் 12, 3, 6, 9 மணி இடங்களில் நான்கு வட்டம். நடு வட்டத்தின் சராசரி எச்.யு., அதன் ஸ்டாண்டர்ட் டீவியேஷன் (எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன, அதாவது நாய்ஸ்), ஓரங்களின் சராசரி, இவற்றை ஒரு நோட்டில் எழுதுங்கள். விண்டோ அகலத்தை, அதாவது கறுப்பிலிருந்து வெள்ளைவரை காட்டும் எச்.யு. எல்லையை, 100-க்குக் குறைத்து வளையம், கோடு ஏதும் இருக்கிறதா என்று கண்ணாலும் பாருங்கள். பத்துப் பதினைந்து நிமிட வேலை.

தண்ணீரின் எண் பூஜ்யம்தான். அந்த அளவுகோலே அப்படித்தான் அமைக்கப்பட்டது: தண்ணீர் 0, காற்று மைனஸ் 1000. நடு வட்டம் பிளஸ் அல்லது மைனஸ் 5-க்குள் இருந்தால் நல்லது. ஓரங்களும் நடுவிலிருந்து 5-க்கு மேல் விலகக் கூடாது. ஸ்டாண்டர்ட் டீவியேஷனுக்கு மட்டும் எல்லா மெஷினுக்கும் பொருந்தும் ஒரே எண் கிடையாது. மெஷினுக்கு மெஷின், புரோட்டோகாலுக்குப் புரோட்டோகால் மாறும். உங்கள் மெஷின் நன்றாக இருந்த நாளின் எண்தான் உங்களுக்கு அளவுகோல். அந்த எண் எங்கே கிடைக்கும்? இன்ஸ்டலேஷன் ரிப்போர்ட்டிலும் கடைசி க்யூ.ஏ. (தரப் பரிசோதனை) ரிப்போர்ட்டிலும் தேடுங்கள். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம், அதாவது ஏ.இ.ஆர்.பி., இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையாவது க்யூ.ஏ. செய்யச் சொல்கிறது. லைசென்ஸுக்காகச் செய்து ஃபைலில் வைத்திருப்பீர்கள். அதை எடுத்து, அதே செட்டிங்கில் இன்று வரும் எண்ணோடு ஒப்பிடுங்கள். பல இடங்களில் அந்த ரிப்போர்ட்டை வந்த நாளுக்குப் பிறகு யாரும் திறப்பதே இல்லை.

படத்தின் தரம் ஒரே நாளில் விழுவதில்லை. டியூபுக்குள் எக்ஸ்ரே பிறக்கும் டார்கெட் பரப்பு ஆண்டுக் கணக்கில் சூடு பட்டுச் சொரசொரப்பாகி, வெளிவரும் கதிரின் அளவு கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். நேற்றைய படத்துக்கும் இன்றைய படத்துக்கும் உங்கள் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. நோட்டில் உள்ள எண்தான் அதைக் காட்டிக்கொடுக்கும். ஸ்டாண்டர்ட் டீவியேஷன் வாரா வாரம் மெல்ல ஏறினால் டியூப் அல்லது கேலிப்ரேஷன் மீது சந்தேகம். ஒரே நாளில் திடீரென்று குதித்தால் யாரோ செட்டிங்கை மாற்றியிருக்கிறார்கள், அல்லது ஃபாண்டம் கோணலாக இருக்கிறது. ஸ்கேன் பாதியில் நின்றுபோவதும் எர்ரர் லாகில் ஆர்க் (டியூபுக்குள் மின்பொறி) என்று பதிவாவதும் அடிக்கடி நடந்தால் டியூப் கடைசிக் கட்டத்தில் இருக்கிறது.

மெஷின் பற்றி இவ்வளவு போதும். ஃபாண்டம் எண்கள் எல்லாம் சரியாக இருந்தும் நோயாளியின் படம் மட்டும் கெட்டுப்போனால், கெட்டது டேபிளில். இது முழுக்க உங்கள் கையில் இருக்கும் விஷயம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நோயாளி கேன்ட்ரியின் மையத்தில் இருக்க வேண்டும் என்று படிப்பில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். ஏன் என்று பெரும்பாலும் சொல்லியிருக்கமாட்டார்கள். டியூபுக்கு முன்னால் போ-டை ஃபில்டர் என்று ஒன்று இருக்கிறது, நடுவில் மெல்லியது, ஓரங்களில் தடித்தது. உடம்பும் நடுவில் தடிமன், ஓரத்தில் மெலிவு என்ற கணக்கில் செய்தது. நோயாளி மையத்திலிருந்து மூன்று நான்கு சென்டிமீட்டர் கீழே இறங்கிப் படுத்திருந்தாலே உடம்பின் தடித்த பகுதி ஃபில்டரின் தடித்த பகுதிக்கு நேராக வந்துவிடும். அந்தப் பக்கம் நாய்ஸ் ஏறும், இன்னொரு பக்கம் தோலுக்கு டோஸ் ஏறும். வயிறு, நெஞ்சு ஸ்கேனில் தானாக எம்.ஏ.வை (டியூபில் ஓடும் கரண்டை) கூட்டிக் குறைக்கும் வசதி ஓடிக்கொண்டிருந்தால் குழப்பம் இரட்டிப்பு. அது ஸ்கேனுக்கு முன்னால் எடுக்கும் ஸ்கவுட் படத்தைப் பார்த்துத்தான் ஆளின் பருமனைக் கணிக்கிறது. ஸ்கவுட் எடுக்கும்போது உடம்பு டியூபுக்கு நெருங்கியிருந்தால் ஆள் பெரியவராகத் தெரிந்து எம்.ஏ. ஏறும், விலகியிருந்தால் சிறியவராகத் தெரிந்து எம்.ஏ. குறைந்து படம் புள்ளி புள்ளியாகும். டேபிள் உயரத்தைச் சரிசெய்ய அரை நிமிடம் ஆகுமா?

பிரெயினுக்குத் தலை ஹெட் ஹோல்டரில்தான் இருக்க வேண்டும். துடிக்கிற நோயாளியை அவசரத்தில் அப்படியே டேபிளில் தலையணையோடு வைத்து எடுப்பதை நிறைய சென்டர்களில் பார்க்கிறேன். டேபிளின் தடிமனும் சேர்ந்து கதிரைத் தின்கிறது, தலையும் மையத்துக்கு வராது. தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் இடது வலது ஒப்பிட முடியாமல் டாக்டர் திணறுவார். பட்டையைக் கட்டுங்கள், இரு பக்கமும் ஸ்பாஞ்ச் வையுங்கள். அசைந்தால் அசைந்த ஸ்லைஸ்களை மட்டும் மறுபடி எடுங்கள், முழுத் தலையையும் எடுக்க வேண்டியதில்லை. காதுக்குப் பின்னால் உள்ள கெட்டி எலும்புகளுக்கு நடுவே சிறுமூளைப் பகுதியில் கறுப்புப் பட்டை வருவது உங்கள் தவறு இல்லை, பீம் ஹார்டனிங், அதாவது கெட்டி எலும்பு கதிரின் மென்மையான பகுதியை விழுங்கிவிடுவதால் வருவது. மெல்லிய ஸ்லைஸாக எடுத்துச் சேர்த்தால் கொஞ்சம் குறையும்.

தோடு, கொண்டை ஊசி, பூவோடு செருகிய கிளிப், பல்செட் எல்லாம் வெளியே வந்தாக வேண்டும். ஆண்டுக்கணக்கில் கழற்றாத மூக்குத்தி திருகோடு இறுகிப்போயிருக்கும். அதைப் பிடுங்கப் பார்க்காதீர்கள், மூளை மட்டும் வேண்டுமானால் அது ஸ்கேன் எல்லைக்கு வெளியே வருமாறு தாடையைச் சற்று இறக்கி வையுங்கள். கண்களும் கதிரிலிருந்து தப்பும். வயிறு, நெஞ்சு ஸ்கேனில் கை தலைக்கு மேலே போக வேண்டும். பக்கவாட்டில் கை இருந்தால் ஈரலின் குறுக்கே கோடு கோடாக வரும்.

அப்புறம் மூச்சு. மெஷினுக்குள் பதிவாகியிருக்கும் குரல் ஆங்கிலத்தில் சொல்வது எழுபது வயதுப் பாட்டிக்கு எப்படிப் புரியும்? பெரும்பாலான மெஷின்களில் சொந்தக் குரலைப் பதிவு செய்யும் வசதி இருக்கிறது. “நல்லா மூச்சை இழுங்க... அப்படியே பிடிச்சுக்கங்க... இப்ப விடுங்க” என்று உங்கள் ஊர்ப் பேச்சிலேயே பதிவு செய்து, படுக்க வைத்ததும் இரண்டு தடவை ஒத்திகை பாருங்கள். மூச்சு அசைந்து கெட்ட படத்தை எவ்வளவு எம்.ஏ.எஸ்.ஸும் சரிசெய்யாது.

நாய்ஸைக் குறைக்கும் மென்பொருள் என்று யாராவது விற்க வந்தால் டாக்டரைக் கேட்காமல் வாங்க வேண்டாம். வழவழவென்று ஆக்கிக் காட்டும், அந்த வழவழப்பில் சின்ன விஷயமும் சேர்ந்து போய்விடலாம்.

ஓனர் விஷயத்துக்கு வருவோம். “குவாலிட்டி சரியில்லை சார்” என்று வாயால் சொன்னால் அவர் காதில் விழாது. இரண்டு வாரம் நோட்டு எழுதுங்கள். அந்த இரண்டு வாரத்தில் ஏ.சி. ஓடிய இரவுக்கு மறுநாள் காலை என்ன எண், அணைத்த இரவுக்கு மறுநாள் என்ன எண் என்று பக்கத்தில் குறியுங்கள். மறுபடி எடுக்க நேர்ந்த ஸ்கேன்கள் எத்தனை, டாக்டர் திருப்பி அனுப்பியவை எத்தனை என்பதையும் சேருங்கள். ஒரே தாளில் அதைக் கையேட்டின் நகலோடு கொடுங்கள். ராத்திரி ஏ.சி.க்கு ஆகும் கரண்ட் பில்லையும், லட்சக்கணக்கில் போகும் டியூப் விலையையும் அவரே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொள்வார். ஏ.எம்.சி. முழுதாகப் புதுப்பிக்க மனமில்லை என்றால், இப்போதைக்கு ஒரு முறையாவது முழுக் கேலிப்ரேஷனும் சர்வீசும் செய்யச் சொல்லுங்கள். கொடுத்த தாளின் பிரதி ஒன்று தேதியோடு உங்களிடமும், உங்கள் சென்டரின் ஆர்.எஸ்.ஓ.விடமும் (கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலரிடமும்) இருக்கட்டும்.

கடைசியாக, நீங்கள் சேவ் செய்து வைத்த 350. 2008-இல் லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு பெரிய மருத்துவமனையில் மூளை பெர்ஃப்யூஷன் (ரத்த ஓட்டம் பார்க்கும்) ஸ்கேனின் செட்டிங் மாற்றப்பட்டது. ஏறக்குறைய 18 மாதம், 200-க்கும் மேற்பட்ட நோயாளிகளுக்கு வழக்கத்தைப் போல எட்டு மடங்கு கதிர்வீச்சு போனது. சிலருக்குத் தலைமுடி கொட்டிய பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. அத்தனை நாளும் டோஸ் எண் கன்சோலில் தெரிந்துகொண்டுதான் இருந்தது, யாரும் பார்க்கவில்லை. உங்கள் 40 சதவீதம் அந்த அளவு இல்லை. ஆனால் வழி அதே வழி: ஒருவர் மாற்றினார், சேவ் ஆனது, அடுத்த ஷிஃப்டுக்குத் தெரியாது.

அதனால் அசல் புரோட்டோகாலை 250-க்கே கொண்டுபோங்கள். காரணம் கண்டுபிடிக்கும் வரை பக்கவாத கேஸுக்குக் கூடுதல் தேவை என்று டாக்டர் சொன்னால், தனிப் பெயரில் இன்னொரு புரோட்டோகாலாக வைத்து, கூட வேலை பார்ப்பவர்களிடமும் சொல்லி, மாற்றிய தேதியை நோட்டில் எழுதுங்கள். குழந்தைகளுக்குத் தனி பிரெயின் புரோட்டோகால் உங்கள் மெஷினில் இருக்கிறதா, அல்லது பெரியவர்களுக்கானதிலேயே எடுக்கிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. பெரியவர்களுக்கானதிலேயே எடுப்பதாக இருந்தால் வளையம், ஏ.சி., ஓனர் எல்லாம் நாளைக்கு. அதை இன்றைக்கே மாற்றுங்கள்.